குறையை எங்களிடம் கூறுங்கள்

நமது நாட்டுச் சாப்பாட்டுக் கடைகள் பலவற்றிலே, சுவாமி படத்துக்கும் நாட்காட்டிக்கும் இடையில், ஒரு வாசகம் தொங்கக் காணலாம். "நிறையை நண்பர்களிடம் கூறுங்கள், குறையை எங்களிடம் கூறுங்கள்" என்பதே அது. வாணிகஞ் செய்வோர்க்கு வேண்டிய அறிவிற் பெரும்பகுதியை இரண்டே தொடரில் அடக்கிவிட்ட வாசகம். ஊர் முழுவதும் பரவ வேண்டியது எது, கடைக்குள்ளேயே தீர வேண்டியது எது என்று அது பிரித்துக் காட்டுகின்றது.

இன்று அந்த ஒழுங்கு தலைகீழாகி வருகின்றது. சாம்பாரிற் சிறிது புளிப்பு மிகுந்துவிட்டால், உண்டவர் முதலாளியிடம் ஒன்றுஞ் சொல்வதில்லை. காசைக் கொடுத்து, மீதியை வாங்கி, புன்முறுவலோடு வெளியேறுகின்றார். பஸ் தரிப்பிடத்துக்கு வந்ததும் கைத்தொலைபேசியை எடுக்கின்றார். கூகிள் நிலப்படத்தில் அந்தக் கடையின் பெயரைத் தேடி, ஐந்து நட்சத்திரங்களில் ஒன்றை மட்டும் வழங்கி, "இந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்காதீர்கள்" என்று எழுதிவிடுகின்றார். குறை உலகத்துக்கெல்லாம் போய்ச் சேருகின்றது. கடைக்காரருக்கு மாத்திரம் நேரிற் போகவில்லை. நிறையோ, ஒருவரிடமும் போகாமல் வயிற்றோடு நின்றுவிடுகின்றது.

சிறிய விஷயந்தானே என்று நேயர்கள் எண்ணலாம். ஒரு கிண்ணச் சாம்பார் சிறிய விஷயந்தான். ஆனால் ஆறு மேசைகள் மட்டுமுள்ள ஒரு கடையை நம்பி ஒரு குடும்பம் வாழுமானால், அந்தக் கிண்ணத்தைப் பற்றி எழுதப்படும் இரண்டு வரி அக்குடும்பத்தின் அடுப்பு எரிவதையும் அணைவதையும் தீர்மானித்தல் கூடும். ஆதலால் இவ்வாரம் இதனைச் சற்று விரித்துப் பேசுவோம்.

ஒரு நட்சத்திரத்தின் கனம்

முதலில் ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். நகரத்துப் பெரிய ஹோட்டல் ஒன்றுக்கு 1,000 பேர் மதிப்பெண் வழங்கியிருக்கின்றனர், சராசரி 4.5 நட்சத்திரம் என்று கொள்வோம். கோபங்கொண்ட ஒருவர் வந்து ஒரு நட்சத்திரம் போடுகின்றார். சராசரி 4.4965 ஆகின்றது. பார்ப்பவர் கண்ணுக்கு அது 4.5 ஆகவே தோன்றும். ஹோட்டல் முதலாளிக்குச் சேதி தெரியவுந் தெரியாது.

அதே 4.5 சராசரியோடு, பத்துப் பேர் மட்டும் மதிப்பெண் வழங்கிய சிறுகடையொன்றை எடுத்துக்கொள்வோம். அதே மனிதர் அங்கே வந்து அதே ஒரு நட்சத்திரத்தைப் போடுகின்றார். சராசரி 4.2க்கு இறங்கிவிடும். இன்னொருவரும் அவ்வாறே செய்தால் 3.9, கடை நான்குக்குக் கீழே விழுந்துவிட்டது. மறுபடியும் 4.5க்கு ஏற வேண்டுமாயின், பதினான்கு பேர் அடுத்தடுத்து வந்து ஐந்து நட்சத்திரம் வழங்க வேண்டும். அதாவது ஒருவரின் முகச்சுளிப்பை அழிக்க ஏழுபேரின் மகிழ்ச்சி தேவை. மகிழ்ந்தவர் எழுதுவது அரிது. சினந்தவர் எழுதுவது எளிது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், சிறுகடையின் துன்பம் விளங்கும்.

இது வெறும் கணக்கு மட்டுமன்று. அமெரிக்க ஹார்வர்ட் பல்கலைக்கழக வர்த்தகக் கல்லூரியைச் சேர்ந்த மைக்கேல் லூக்கா என்பவர், சியாட்டில் நகரத்து உணவகங்களின் வருமானத்தையும், யெல்ப் என்னும் இணையத்தளத்தில் அவை பெற்ற நட்சத்திரங்களையும் ஒப்பிட்டு 2011ஆம் ஆண்டில் ஓர் ஆய்வை வெளியிட்டார். ஒரு நட்சத்திரம் உயர்ந்தால் வருமானம் நூற்றுக்கு 5 முதல் 9 வரை உயர்கின்றது என்பது அவர் கண்ட முடிவு. இந்த ஏற்றமும் இறக்கமும் தனியார் நடத்தும் தனிக் கடைகளுக்கே உரியன. ஒரே பெயரிற் பல கிளைகளோடு நடக்கும் பெருநிறுவனங்களை நட்சத்திரங்கள் அவ்வளவாக அசைக்கவில்லை என்பதும் அதே ஆய்விற் கண்டதே. காரணம் தெளிவானது. பெருநிறுவனத்தின் பெயரை எல்லாரும் முன்னரே அறிவர். சிறுகடையை அறியாதவர், அறிந்தவர்களின் சொல்லை நம்பியே உள்ளே நுழைகின்றார்.

நம் ஊரிலும் நிலைமை இதுவே. பக்கத்து வீதியில் இருப்பவர் நட்சத்திரம் பார்த்துத் தோசை தின்பதில்லை. ஆனால் நல்லூர்த் திருவிழாவின் இருபத்தைந்து நாட்களிலும் கொழும்பிலிருந்தும், லண்டன், ரொறன்ரோ முதலிய நகரங்களிலிருந்தும் வந்து குவிகின்றவர்கள் கைத்தொலைபேசியைப் பார்த்தே கடையைத் தெரிகின்றார்கள். ஆண்டு முழுவதும் மெலிந்து நடக்கும் கடைக்கு அந்த மாதமே அறுவடை. அறுவடைக் காலத்தில் நிலப்படத்திலே 3.9 என்று நின்றால், விதைத்தது வீண்.

எல்லாக் குறையும் ஒரு குறையன்று

கடைக்காரரும் உண்பவரும் முதலில் அறிய வேண்டியது, குறைகள் மூவகைப்படும் என்பதே. மூன்றையும் ஒன்றாகக் கலந்துவிடுவதாலேயே பாதிக் கலகம் பிறக்கின்றது.

முதல்வகை சுவைக் குறை. உப்புக் கூடிற்று, சொதி நீர்த்துப்போயிற்று, பிட்டு இறுகிவிட்டது என்பன இவ்வகை. நாவுக்கு நாவு சுவை வேறுபடும். ஒருவருக்கு உறைப்புப் போதாது. மற்றவருக்கு அதே கறியிற் கண்ணீர் வரும். இக்குறைக்கு நீதிபதி இல்லை. அந்த இடத்திலேயே சொன்னால் அந்த இடத்திலேயே தீரும்.

இரண்டாம் வகை நடத்தையும் விலையும் பற்றிய குறை. கேட்ட கேள்விக்குப் பதில் இல்லை, பின்னே வந்தவருக்கு முன்னே பரிமாறினர், பட்டியலில் ஒரு விலை, பற்றுச்சீட்டில் ஒரு விலை என்பன இவ்வகை. இதிலே விலையைப் பற்றியதற்குச் சட்டம் உண்டு. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின்படி அமைந்த பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைக்கு 1977 என்னும் இலக்கத்தில் முறையிடலாம். விலைப்பட்டியலை யாவருங் காணத் தொங்கவிடுவதும், கேட்பவருக்குப் பற்றுச்சீட்டுக் கொடுப்பதும் வணிகரின் கடமை. போத்தலில் அடைத்த தண்ணீரை அதில் அச்சிட்ட விலைக்கு மேல் விற்றால் அது குற்றம்.

2024 ஏப்ரலிற் கொழும்பு புதுக்கடைப் பகுதியில் வெளிநாட்டுப் பயணி ஒருவரிடம் கொத்து ரொட்டிக்கு 1,900 ரூபா கேட்ட சம்பவம் பலருக்கும் நினைவிருக்கும். பயணி எடுத்த காணொளி நாடெங்கும் பரவிற்று. கடைக்காரர் கைது செய்யப்பட்டார். முன்னாளில் விலைச் சண்டை தெருமுனையோடு முடியும். இன்று தெருமுனை என்று ஒன்று இல்லை; தெரு முழுவதும் உலகத்தின் கண்முன்னே கிடக்கின்றது. ஒருவர் செய்த செயலுக்கு அந்தத் தெருவில் நேர்மையாக விற்றவர்களும் முகங்கொடுக்க வேண்டியதாயிற்று.

மூன்றாம் வகை உடல்நலத்தைத் தொடுவது. பழுதான இறைச்சி, உணவிற் கிடந்த பூச்சி, அழுக்கான சமையலறை, உண்டபின் வந்த வயிற்றோட்டம் ஆகியவை இவ்வகை. இவை நட்சத்திரத்துக்கு உரிய விஷயங்களே அல்ல. உங்கள் பிரதேசத்துப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம், அல்லது சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் முறையிட வேண்டியவை. 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டத்தின்படி நீதவான் நீதிமன்றம்வரை செல்லத்தக்கவை. இணையத்தில் எழுதிவிட்டுச் சும்மா இருப்பவர், தமது கோபத்தைத் தீர்த்துக்கொள்கின்றாரேயன்றி, நாளை அதே கடையில் உண்ணப்போகும் குழந்தையைக் காப்பாற்றவில்லை. அந்தக் குழந்தையின் தந்தை நட்சத்திரம் பார்ப்பவராக இல்லாதிருக்கலாம் அன்றோ?

குறை எங்கே அடைபடுகின்றது?

உண்டவர் ஏன் கடையிற் சொல்லாமல் வெளியிற் சொல்கின்றார் என்பதைச் சிந்திக்க வேண்டும். காரணம் இரண்டு.

ஒன்று, நமது வளர்ப்பு. உணவைப் பழிக்கலாகாது என்று சிறுவயதிலேயே நமக்குக் கற்பித்தனர். பரிமாறியவர் எதிரே நின்று "நன்றாயில்லை" என்று சொல்ல நாக்கு எழுவதில்லை. ஆனால் முகந்தெரியாத இடத்திலோ, சிறுவயதில் அடக்கிய சொல்லெல்லாம் ஒருசேரப் புறப்படுகின்றது. நேரிலே "தம்பி, சாம்பார் கொஞ்சம் புளித்திருக்கின்றது" என்று முடிந்திருக்க வேண்டிய சேதி, எழுத்தில் "மனிதர் உண்ண முடியாத உணவு" ஆகிவிடுகின்றது.

மற்றையது, கடையின் அமைப்பு. குறையை முதலிற் கேட்பவர் யார்? பரிமாறும் பையன். கடையிலே மிகக் குறைந்த சம்பளம் பெறுபவனும், மிக எளிதில் ஏச்சு வாங்குபவனும் அவனே. "ஐந்தாம் மேசைக்காரர் சொதி பழுது என்கிறார்" என்று உள்ளே போய்ச் சொன்னாற் சமையற்காரர் சினக்கின்றார், முதலாளியிடஞ் சொன்னால் "நீ என்ன பார்த்துக்கொண்டிருந்தாய்?" என்று அவனையே வைகின்றார். இரண்டு முறை இவ்வாறு பட்டவன் மூன்றாம் முறை வாய் திறக்க மாட்டான். "சரி ஐயா, சொல்கிறேன்" என்று தலையாட்டிவிட்டு அடுத்த மேசைக்குப் போய்விடுவான். குறை அவனோடு புதைந்துவிடும். அப்படிப் புதைந்தது பின்பு நட்சத்திரமாய் முளைக்கின்றது.

இணையத்தில் வரும் முறைப்பாடுகளிற் பல, உண்மையில் இரண்டாவது முறைப்பாடுகள் என்பேன். முதலாவது கடைக்குள்ளேயே செவிசாய்ப்பாரின்றி இறந்துபோனது. இடித்துரைப்பவர்களைத் தேடித் துணையாக வைத்துக்கொள் என்று அரசனுக்கு அறிவுரை கூறப் பெரியாரைத் துணைக்கோடல் என ஓர் அதிகாரம் வகுத்தார் வள்ளுவர். அரசனுக்கு அது அமைச்சர் அவை. சாப்பாட்டுக்கடை முதலாளிக்கு அது பரிமாறும் பையனின் வாய். அதனை அடைத்துவிட்டவர் காது கேளாதவராகின்றார்.

யாழ்ப்பாணத்திலும் வேறு ஊர்களிலும் பெண்கள் நடத்தும் அம்மாச்சி உணவகங்களுக்குச் சென்றவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பர். சமைக்கும் பெண்மணி கண்ணெதிரே நின்று சமைக்கின்றார். உண்பவர் அவரிடமே வாங்கி உண்கின்றார். நடுவில் ஓர் ஆள் இல்லை. "அக்கா, இன்றைக்கு உப்புக் குறைவு" என்றால் அந்தச் சொல் உரியவர் காதிலேயே விழுகின்றது. அடுத்த தட்டுக்கு உப்புக் கூடுகின்றது. முறைப்பாட்டுக்கு இதைவிடக் குறுக்குவழி வேறில்லை.

மீந்த தட்டு சொல்லும் உண்மை

வாய் திறந்து சொல்லாத குறையையும் அறிய ஒரு வழி உண்டு. அனுபவமுள்ள பழைய கடைக்காரர்கள் உண்டு முடிந்த தட்டு உள்ளே போகும்போது அதை ஒரு கண் பார்ப்பார்கள். ஒருவர் சம்பலை ஒதுக்கியிருந்தால் அவருக்குப் பிடிக்கவில்லை. ஆறுபேர் ஒதுக்கியிருந்தால் சம்பலிலே பிழை. சோறு மீந்தால் அளவு கூடிற்று. கறி மட்டும் மீந்தாற் கறி சரியில்லை. பகையும் முகத்துதியும் இல்லாத விமரிசனம் அந்தத் தட்டே. அதற்கு இணையமும் வேண்டாம்; நட்சத்திரமும் வேண்டாம்.

அதுபோலவே நமது தேநீர்க் கடைகளின் சிற்றுண்டித் தட்டு. வடை, றோல்ஸ், கட்லட் என்று பத்துப் பண்டங்களை ஒரே தட்டில் அடுக்கி மேசையில் வைக்கின்றனர். உண்டதற்கு மட்டும் காசு. மீந்தவை அடுத்த மேசைக்குப் போகின்றன. தாராள மனப்பான்மையில் எழுந்த வழக்கந்தான். ஆனால் முன்னே இருந்தவர் எத்தனை வடையைத் தொட்டுப் பார்த்து வைத்தார் என்பதை யார் கண்டார்? நெடுங்காலமாக வீடுகளிற் பேசப்பட்டும், கடையில் ஒருவரும் வாய் திறந்து சொல்லாத குறை இது. கண்ணாடிப் பெட்டியில் வைத்து, கேட்டதை மட்டும் இடுக்கியால் எடுத்துக் கொடுக்கும் கடைகள் எழுதப்படுமுன்னரே அந்தக் குறைக்கு விடை கூறிவிட்டன.

ஒரு பதில் எழுதப்பட்ட விதம்

இனி, எழுதப்பட்டுவிட்ட குறைக்கு எவ்வாறு விடையளிப்பது? இதற்கு ஓர் உதாரணம் கூறுவேன். கடையின் பெயரும் ஊரும் வேண்டா.

என்னிடம் உயர்தர வகுப்பிற் பயிலும் மாணவன் ஒருவன் ஒருநாள் வகுப்பு முடிந்தபின் தயங்கி நின்றான். தந்தையற்றவன். தாயார் மாலை நேரங்களில் இடியப்பமும் பிட்டும் தோசையும் விற்கும் ஒரு சிறுகடை நடத்துகின்றார். கைத்தொலைபேசியை நீட்டினான். "சம்பல் பழுதாகியிருந்தது. சொன்னபோது கடைக்காரி முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஒரு நட்சத்திரமே அதிகம்" என்று அதில் எழுதியிருந்தது. "சேர், அம்மா நேற்று முழுவதும் சாப்பிடவில்லை" என்றான் பையன்.

அவன் ஒரு பதிலும் எழுதிவைத்திருந்தான், இன்னும் அனுப்பவில்லை. "நீர் பக்கத்துக் கடைக்காரர் அனுப்பிய ஆள் என்பது எங்களுக்குத் தெரியும்" என்று அது தொடங்கியது. தாயின் மேலுள்ள அன்பில் எழுந்த கோபம், குற்றஞ் சொல்வதற்கில்லை. ஆனால் அந்தப் பதிலைப் படிக்கப்போகிறவர் குறை எழுதியவர் மாத்திரமல்லர். இனி அந்தக் கடைக்கு வரலாமா என்று யோசிக்கும் நூறுபேர் அதைப் படிப்பார்கள். அவர்களுக்குச் சம்பலைப் பற்றி ஒன்றுந் தெரியாது. கடைக்காரரின் குணத்தை மட்டும் அந்த எழுத்திற் காண்பார்கள்.

"முதலில் அம்மாவிடம் கேள், சம்பல் உண்மையிற் பழுதா என்று" எனக் கூறி அனுப்பினேன். மறுநாள் வந்தான். நண்பகலில் அரைத்த தேங்காய்ச் சம்பலை அன்று இரவு எட்டு மணிக்கும் பரிமாறியது உண்மை. வெப்பநாளிலே தேங்காய் அவ்வளவு நேரம் தாங்காது. ஒருவர் பின்னாலிருந்து ஏதோ சொன்னதும் உண்மை. நாலுபேர் காத்துநிற்க, தோசைக்கல்லின் முன்னே நின்ற தாயார் திரும்பிப் பார்க்கவில்லை. அவர் முகத்தைத் திருப்பிக்கொள்ளவுமில்லை, திருப்பவுமில்லை. திரும்பாத முகத்தைக் கண்டவர் திருப்பிக்கொண்ட முகமாகக் கருதிவிட்டார். இரு பக்கமும் பாதி உண்மை.

பின்பு இருவரும் சேர்ந்து எழுதிய பதில் இது: "ஐயா, நண்பகலில் அரைத்த சம்பலை இரவு பரிமாறியது எங்கள் தவறு. நீங்கள் சொன்னபோது அம்மா அடுப்படியில் நின்றதால் திரும்பிப் பதில் கூறவில்லை. அதற்கும் வருந்துகின்றோம். இப்போது சம்பலை மாலை ஐந்து மணிக்குப் பின்னரே அரைக்கின்றோம். மீண்டும் வந்தால் நேரிலே சொல்லுங்கள். கேட்பதற்குத் தங்கை மேசையருகே நிற்கிறாள்."

அந்த ஒற்றை நட்சத்திரம் இன்றும் அங்கேதான் இருக்கின்றது. எழுதியவர் அதனை மாற்றவில்லை. ஆனால் அதன் கீழே அந்தப் பதிலும் இருக்கின்றது. அதைவிட முக்கியமாக, அந்தக் கடையிற் சம்பல் இப்போது மாலையில் அரைபடுகின்றது.

நல்ல பதிலுக்கு வேண்டிய இலக்கணம் முழுவதும் இதில் அடங்கும். நடந்ததை விசாரித்தபின் எழுத வேண்டும். தவறு எதுவோ அதை மட்டும் ஒப்புக்கொள்ள வேண்டும்; நடவாததை ஏற்க வேண்டியதில்லை. என்ன மாற்றினோம் என்பதைக் கூற வேண்டும். சுருங்கச் சொல்ல வேண்டும். கோபம் ஆறுமுன் எழுதக்கூடாது. எல்லாருக்கும் ஒரேமாதிரி "தங்கள் கருத்துக்கு நன்றி" என்று அச்சுப்போல் ஒட்டுவதாற் பயனில்லை. அது செவிடன் தலையாட்டுவதை ஒக்கும்.

பதில் எழுதுவதாற் பலனுண்டா என்று கேட்பவருக்கும் ஆராய்ச்சி விடை கூறுகின்றது. டேவிடே ப்ரொசெர்ப்பியோ, யோர்கோஸ் செர்வாஸ் என்னும் இரு அறிஞர்கள் அமெரிக்க ஹோட்டல்கள் சிலவற்றை ஆராய்ந்தனர். விருந்தினரின் விமரிசனங்களுக்குப் பதில் எழுதத் தொடங்கிய ஹோட்டல்களுக்கு விமரிசனங்கள் நூற்றுக்கு 12 அளவில் அதிகரித்தன, சராசரியும் 0.12 நட்சத்திரம் உயர்ந்தது. பதில் வரும் என்று தெரிந்தால், அற்பக் காரணத்துக்காக ஏசுவோர் சற்று யோசிக்கின்றனர் என்பது அவர்கள் கூறும் காரணங்களுள் ஒன்று. தட்டிக் கேட்க ஆளில்லாவிட்டாற் தம்பி சண்டப்பிரசண்டன் என்ற நமது பழமொழியும் அதையே சொல்கின்றது.

காசுக்கு வாங்கிய புகழ்

பதில் எழுதுவதை விட்டுப் புகழை விலைக்கு வாங்க முயல்வோரும் உளர். "ஐந்து நட்சத்திரம் போட்டாற் தேநீர் இலவசம்" என்று எழுதிவைப்பதும், உறவினர் எல்லாரையும் கொண்டு ஒரே இரவிற் புகழ்மாலை சூட்டுவதும் இப்போது காணுங் காட்சிகள். பரிசு கொடுத்து விமரிசனம் பெறுவது கூகிளின் விதிகளுக்கே மாறானது. அமெரிக்காவில் 2024 ஒக்டோபரிலும், பிரித்தானியாவில் 2025 ஏப்ரலிலும் பொய் விமரிசனங்களைத் தடைசெய்யும் விதிகள் நடைமுறைக்கு வந்துவிட்டன.

பொய்ப்புகழ் எவ்வளவு தூரம் ஏறும் என்பதற்கு லண்டனில் 2017இல் நடந்த வேடிக்கையே சான்று. ஊபா பட்லர் என்னும் பத்திரிகை எழுத்தாளர், தாம் குடியிருந்த தோட்டக் கொட்டகையை ஓர் உணவகமாகப் பதிவுசெய்து, நண்பர்களைக் கொண்டு புகழ்ந்தெழுத வைத்தார். அடுப்பே பற்றவைக்காத அந்த உணவகம் ட்ரிப் அட்வைசர் தளத்திலே லண்டன் மாநகரின் முதலாவது உணவகமாக உயர்ந்துவிட்டது! இல்லாத உணவகத்துக்குக் கெட்டுப்போகப் பெயரும் இல்லை. உள்ள உணவகமோ, பொய்யை நம்பி வந்தவரின் முதல் கவளத்திலேயே அகப்பட்டுவிடும்.

உண்பவர் கடமை

கடைக்காரருக்கு இவ்வளவு சொன்னபின் நமக்கும் சில சொல்ல வேண்டும்.

முதலாவது, குறையை முதலிற் கடையிற் சொல்லுங்கள். குரலை உயர்த்தாமல், மற்றவர் காதில் விழாமல், காசு கொடுக்கும்போது சொன்னாற் போதும். கேட்டு ஆவன செய்தால் அதோடு விடுங்கள். செவிசாய்க்காவிட்டால் எழுதுங்கள், அப்போது எழுதுவது உங்கள் உரிமை, வருபவர்க்குச் செய்யும் உதவியுங்கூட.

இரண்டாவது, எழுதும்போது கண்டதை எழுதுங்கள். "மோசம்" என்ற ஒரு சொல்லினாற் கடைக்காரர் எதைத் திருத்துவார்? "இரவு எட்டு மணிக்குச் சம்பல் புளித்திருந்தது" என்றாற் திருத்தலாம். ஆளைப் பற்றி எழுதாதீர்கள். பொருளைப் பற்றி எழுதுங்கள். திருத்திவிட்டதைக் கண்டால் உங்கள் எழுத்தையும் மாற்றுங்கள், அதற்கு வசதியுண்டு.

மூன்றாவது, பிறர் எழுதியதைப் படிக்கும்போது தேதியைப் பாருங்கள். 2022இல் சமையல் எரிவாயு கிடையாமல் நாடே வரிசையில் நின்றது. பல சிறுகடைகள் விறகடுப்புக்குத் திரும்பின, விலை ஏறிற்று, அளவு குறைந்தது. "புகைமணம்", "பகற்கொள்ளை" என்று அந்நாளில் எழுதியவை இன்றும் அழியாமல் நிற்கின்றன. பஞ்சகாலத்து வசையை இன்றைய கடையின் மேல் ஏற்றுவது நீதியாகாது. அவ்வாறே, வீட்டுக்கு வருவிக்கும் உணவு வழியில் ஆறிப்போனால், அது அடுப்பின் குற்றமா, தூரத்தின் குற்றமா என்றும் ஒரு கணம் எண்ணுங்கள்.

நான்காவது, நிறையையும் சொல்லுங்கள். நம்மவரிடத்து இது அரிய பழக்கம். வீட்டிலேயே நிலைமை என்ன? மாதம் முப்பது நாளும் வாய்க்கு ருசியாகச் சமைத்தவளுக்கு ஒரு சொல் கிடையாது. முப்பத்தோராம் நாள் உப்புக் கூடினால் மட்டும் குடும்பத் தலைவரின் வாய் திறக்கின்றது. இணையத்தில் நாம் எழுதும் முறை, நமது சாப்பாட்டு மேசையிற் கற்ற முறையே. பிள்ளைகள் நம்மைப் பார்த்தே கற்கின்றனர். "அம்மா, இன்றைக்குச் சொதி நல்லாயிருக்கு" என்று சொல்லப் பழகிய பிள்ளை, நாளை கடையிற் குறை சொல்லும்போதும் இதமாகவே சொல்லும்.

ஆகவே, அடுத்த முறை சிறுகடையொன்றில் மனநிறைவோடு உண்டு எழும்போது, சமைத்தவரிடம் ஒரு சொல் சொல்லுங்கள். கைத்தொலைபேசி கையிலே இருந்தால் இரண்டு வரி எழுதியும் விடுங்கள். என்ன உண்டீர்கள், எது நன்றாயிருந்தது என்று பெயர் சொல்லி எழுதுங்கள். 1,000 பேர் புகழ்ந்த ஹோட்டலுக்கு அந்த வரிகள் கடலிற் கரைத்த பெருங்காயம். பத்துப்பேர் மட்டும் அறிந்த கடைக்கோ ஒரு மாத அடுப்பெரிப்பு.